பார்ட்லி போட்ட ஓட்டை

ஃபெஸ்டி கிழவரின் காரில் இருந்த ஓட்டையைத் துரு போடவில்லை. பார்ட்லி போட்டான். அன்றைக்கு அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கிழவரின் மகள் கார்மெல். இன்னொருத்தன் பார்ட்லியேதான். கார்மெல் காரியம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். இவனால் அப்படிப் போக முடியவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், படகுத்துறையை ஒட்டி, முன்பு மீன்பெட்டி அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகையில்தான் பார்ட்லியின் டிங்கர் பட்டறை. அந்தப் பக்கம் கார் வைத்திருப்பவன் கூடவே துருவையும் வைத்திருப்பான். பனிக்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பு கொட்டுகிறார்கள். அது போதாதென்று கடல்காற்று வேறு வீட்டு வாசல்வரை உப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பத்து வயது தாண்டிய காரை வருஷா வருஷம் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். அங்கே இருக்கிறவன் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் நின்று சின்னச் சுத்தியால் தட்டுவான். கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் ரன்னிங் போர்டிலோ, சீட் பெல்ட் மாட்டிய இடத்திலோ தகடு உள்ளே போனால் தீர்ந்தது. ரோட்டில் ஓட்டத் தகுதியில்லை என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான்.

ஆகவே சோதனை நாள் நெருங்கினால் ஊரே பார்ட்லியிடம் வரும். ஐம்பத்திரண்டு வயது, குட்டை ஆள், கழுத்தே இல்லாத மாதிரி தோள். பேச்சு குறைவு. பார்ட்லி கைவிட்ட காருக்குப் பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அவன் எந்தக் காரையும் கைவிட்டதில்லை. ஃபெஸ்டியின் கார்தான் முதல்.

அந்தக் கார் வருவதற்கு முந்தின வாரம் கார்மெல் பட்டறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கையில் வீட்டில் சுட்ட ஆப்பிள் பை பலகாரம், அலுமினியத் தாளில் சுற்றியது. அதைப் பார்த்ததுமே பார்ட்லி கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தான். சும்மா ஆப்பிள் பை கொடுக்கிற குடும்பம் இல்லை அது.

பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா காரு திங்கக்கிழமை உன்கிட்ட வருது."

"தெரியும். சோதனைக்கு."

"அது பாஸ் ஆகக் கூடாது, பார்ட்லி."

காரணத்தை அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஃபெஸ்டிக்கு எண்பது ஆகப்போகிறது. இறால் கூண்டு போட்டு வாழ்ந்த மனுஷன். கடலில் நாற்பது வருஷம் வெயிலைப் பார்த்த கண். அந்தக் கண் இப்போது போய்க்கொண்டிருந்தது. ரோட்டின் நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு வருவார். எதிரே வருகிறவன் அவருடைய அரக்குச் சிவப்புக் காரைக் கண்டால் ஓரமாகப் புல்லில் இறக்கி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பான். அவரும் ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போவார். ஊர் முழுக்க இப்படித்தான் பழகிவிட்டது. மாதாகோயில் வளைவில் ஒருமுறை பார்ட்லியே வேனைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி உயிர் தப்பியிருக்கிறான். போலீஸ்காரர் உட்பட எல்லாருக்கும் தெரியும். அவரிடம் சொன்னவர்தான் யாரும் இல்லை.

நீயே சொல்லேன் என்றான் பார்ட்லி.

"நான் சொன்னா, பெத்து வளத்ததுக்கு இதுதான் பலனான்னு கேப்பாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, எனக்கென்ன நோவுங்கறாரு. நீ துருன்னு சொல்லிடு, போதும். துருமேல யாரும் கோவப்பட முடியாதில்ல."

பார்ட்லி ஆப்பிள் பையை வாங்கி வைத்துக்கொண்டான். அந்த ஊரில் அதற்கு அர்த்தம் சரி என்பதுதான்.

திங்கட்கிழமை ஃபெஸ்டி காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தபால்நிலையக் கடைக்குப் பென்ஷன் வாங்க நடந்தார். எப்போதும்போலக் கழுத்தில் டை, தலையில் தொப்பி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டவுனுக்குப் போக வேண்டும். அவர் மனைவி நோரா அங்கே முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அறிவு மட்டும் கத்தி மாதிரி இருந்தது. தினமும் போவார். போகிற வழியில் கார் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். மாவட்டத்தில் யார் செத்தார்கள், எந்தக் கோயிலில் அடக்கம் என்று. அதை மனசில் வாங்கிக்கொண்டு போய் நோராவிடம் ஒப்பிப்பார். அவளுக்கு அதுதான் செய்தித்தாள்.

பார்ட்லி காரை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்தான். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. பின்கதவுக்கு அடியில் ரன்னிங் போர்டு மெலிந்திருந்தது. இறால் கூண்டுகளை வருஷக்கணக்காக டிக்கியில் போட்டுக் கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட ஓட்டிய வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. தட்டினால் தகடு உள்ளே போகவில்லை. ஒரு சாண் தகடு வைத்துப் பற்றவைத்தால் இன்னும் பல வருஷம் ஓடும்.

அவன் பெரிய திருப்புளியை எடுத்து அந்த இடத்தில் வைத்தான். சுத்தியால் அடித்தான். தகடு விடவில்லை. இன்னொரு அடி. அப்போதும் விடவில்லை. துரு தின்ற தகடு இவ்வளவு அடி தாங்காது, அது அவனுக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தான். திருப்புளி பிடிவரை உள்ளே இறங்கியது. உருவி எடுத்தபோது கிழிந்த விளிம்பு அவனைப் பார்த்து மின்னியது. அறுத்த மீன் வயிறு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

மண்ணை எடுத்துப் பூசலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபெஸ்டி வந்துவிட்டார்.

"என்னடா பார்ட்லி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நல்லா இல்ல, பெரியவரே. இங்க வந்து பாருங்க."

கிழவர் முட்டி போட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்தார். பார்ட்லி கைவிளக்கை அடித்தான். ஓட்டை அவர் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் பளபளத்தது. படகு வைத்திருந்தவர், தகடு தெரிந்தவர். இப்போது பிடிபடப்போகிறோம் என்று பார்ட்லிக்குக் காது சுட்டது.

ஃபெஸ்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமாடா. ஆறிப்போன டீ மாதிரி பழுப்பா இருக்கு. நல்லா தின்னுடுச்சு."

பார்ட்லி கைவிளக்கை அணைத்தான். கார்மெல் பயந்தது அத்தனையும் நிஜம் என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துபோயிற்று. அது தெரிந்ததால் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குருடனின் தட்டிலிருந்து எடுத்துத் தின்ற மாதிரி இருந்தது.

"சரி பண்ண முடியாதா?"

"பண்ணினாலும் பக்கத்துல விட்டுடும், பெரியவரே."

"நீ போச்சுன்னா போச்சு. உங்கப்பன் பேச்சை நான் கடல்ல நம்புனேன். உன் பேச்சைத் தரையில நம்பக்கூடாதா?"

அதோடு விட்டார். கதவைத் திறந்து கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பக்கத்துச் சீட்டில் நோராவுக்கென்று விரித்திருந்த கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்தார். அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரைப் பழைய இரும்புக்காரன் வருகிறவரை இங்கேயே நிறுத்திவை என்று சொல்லிவிட்டு மழைத்தூறலில் நடந்தார். வேனில் கொண்டுவிடுகிறேன் என்று பார்ட்லி சொல்லியிருக்கலாம். அவன் திருப்புளியைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டான்.

கார்மெல் போட்ட கணக்கு இப்படி: ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவை அழைத்துப்போவாள், வாரத்தில் ஒருநாள் கிராம பஸ் வரும், அது போதும், மற்ற நாள் வீட்டில் கணப்புப் பக்கத்தில் உட்காரட்டும். எல்லாரும் போட்ட கணக்கும் அதுதான். ஃபெஸ்டி வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு டிராக்டர் இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

டிராக்டருக்குச் சோதனை கிடையாது. கூரை கிடையாது, கதவு கிடையாது, பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கண்ணாடியும் கிடையாது. சிவப்பு நிறம் போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்த பழைய சாமான். அடுத்த செவ்வாய்க்கிழமை அதைக் கிளப்பிக்கொண்டு, முழங்காலில் உரப்பையைப் போர்த்திக்கொண்டு, டையும் தொப்பியுமாக ஃபெஸ்டி டவுனுக்குப் புறப்பட்டார். ஆலங்கட்டி மழை வேறு. பட்டறை வாசலில் நின்ற பார்ட்லியைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். பின்னால் ஊர்கோலம் மாதிரி கார்கள்.

அன்று சாயங்காலமே கார்மெல் வந்தாள். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை.

"ரோட்டை விட்டு எறக்குன்னு சொன்னேன். நீ இன்னும் ரெண்டடி மேல ஏத்தி உக்கார வச்சிட்ட."

டிராக்டர் சாவியை ஒளித்துவை என்றான். டிராக்டருக்குச் சாவியே இல்லை, ஒரு ஆணியைச் சொருகிக் கிளப்புகிறார் என்றாள்.

ஊரில் பேச்சு தொடங்கியது. அதிலும் தபால்காரன் கோல்மனுக்கு வாய் நீளம். ஒவ்வொரு வீட்டிலும் தபாலோடு ஒரு பேச்சையும் போட்டுவிட்டுப் போகிறவன். கடையில் நாலு பேர் நிற்கும்போது பார்ட்லியைப் பிடித்துக்கொண்டான்.

"எம்பொண்டாட்டி காருல கால வச்சா ரோடு தெரிஞ்சுது. அதையே பாஸ் பண்ண வச்சவன் நீ. கிழவரு காருல அப்படி என்னய்யா ஓட்டை? உள்ள படகு போகுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பார்ட்லி பால் டப்பாவை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு அவன் மத்தியானத்தில் கடைப்பக்கம் போவதை நிறுத்தினான். ஆனால் டிராக்டரின் சத்தத்தை நிறுத்த முடியுமா? தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தொலைவில் பட்பட்டென்று கேட்கத் தொடங்கும். பட்டறையைத் தாண்டும். மலைச்சரிவில் ஏறித் தேயும். திரும்பி வருகிறவரை அவனுக்குக் கையில் வேலை ஓடாது. கொட்டகையின் மூலையில் அரக்குச் சிவப்புக் கார் நின்றது. பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை வந்து கேட்டான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இவன் அனுப்பிவிட்டான். எதற்குப் போகட்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. ஓட்டையின் விளிம்பில் இப்போது நிஜமாகவே துரு ஏறத் தொடங்கியிருந்தது. அவன் சொன்ன பொய் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டிருந்தது. அது அவனுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து வெல்டிங் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பழைய பாலத்து வளைவில் டிராக்டரைப் பார்த்தான். மூக்கைச் சேற்றுப் பள்ளத்தில் நட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்சுவரின்மேல் ஃபெஸ்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி காணோம். புருவத்தில் ரத்தம் வழிந்து டைவரை வந்திருந்தது. மடியில் ஒரு காகிதப்பை, நோராவுக்கு வாங்கிய திராட்சை. அதை மட்டும் நனையாமல் கோட்டுக்குள் பிடித்திருந்தார்.

"செம்மறி ஒண்ணு குறுக்க வந்துடுச்சுடா. ஒடிச்சேன்."

பார்ட்லி சுற்றுமுற்றும் பார்த்தான். ஆடு எதுவும் இல்லை. முள்கம்பி வேலியில் ஒரு வெள்ளை உரப்பை மாட்டிக்கொண்டு காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

பார்ட்லி கிழவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினான். ஹீட்டரை முழுசாகத் திருப்பினான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு, வீட்டுக்குப் போ என்று அதட்டினார். ஈரக் கம்பளி வாசனை வேனை நிறைத்தது. கொஞ்ச தூரம் போனபின் அவரே பேசினார்.

"உம்மேல எனக்கு வருத்தமில்லடா. துருன்னா துருதான். நோராகிட்டயும் சொன்னேன், பார்ட்லியே கைவிட்டான்னா காரு நெஜமாவே போச்சுன்னு. அவ உனக்காகத் தெனமும் ஜெபமாலை சொல்றா. அந்தப் புள்ளைக்கு மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு."

வைப்பர் போய் வந்தது. பார்ட்லி வேனை ஓரங்கட்டினான்.

"பெரியவரே. அந்த ஓட்டை துரு போட்டதில்ல. நான் போட்டது. திருப்புளிய வச்சு அடிச்சேன்."

ஃபெஸ்டி அவன் பக்கம் திரும்பவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

இங்கேதான் பார்ட்லி மறுபடி தவறினான். கார்மெல் பெயரைச் சொன்னால் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் விழும். கண்ணைச் சொன்னால், ரத்தம் வழிந்துகொண்டிருக்கிற மனுஷன் முகத்தில் இன்னொரு அடி. எதைச் சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னான்.

"வேலை ஜாஸ்தியா கெடந்துச்சு. சோம்பலா இருந்துச்சு."

"சோம்பலா."

"ஆமா."

"அப்ப சரி பண்ண முடியும்."

"முடியும்."

"பண்ணு."

பார்ட்லி வேனைக் கிழவரின் வீட்டு கேட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கிக் கதவைச் சாத்தும்போது கிழவர் சொன்னார்: "ஜெபமாலைய நிறுத்தச் சொல்லிடறேன்."

மறுநாளே பார்ட்லி காரைத் தூக்கினான். ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. பட்டி பூசிச் சமாளிக்கவும் இல்லை. ரன்னிங் போர்டில் மெலிந்த இடம் முழுவதையும் கிரைண்டரால் அறுத்து எடுத்தான். புதுத் தகட்டை வளைத்து, வைத்துப் பார்த்து, கழற்றி, மறுபடி வளைத்தான். விரற்கடை விரற்கடையாகப் பற்றவைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி துரு ஏறாமலிருக்க உள்ளுக்குள் மெழுகு ஊற்றினான். யாருக்கும் இப்படி ஒரு வேலை அவன் செய்ததில்லை. சோம்பேறி என்று தானே சொல்லிக்கொண்ட பொய்யைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் கார் தேறத் தேற அந்தக் கிழவர் மறுபடி வெள்ளைக் கோட்டின்மேல் ஏறப்போகிறார். எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்தால்?

கார்மெல் வந்து நின்றாள். தந்தையின் புருவத்தில் இருந்த வெட்டுக்காயத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

"எம்பேரச் சொன்னியா?"

"இல்ல."

"கண்ணப் பத்தி?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதாண்டா சொன்ன?"

"நான் சோம்பேறின்னு சொன்னேன்."

அவள் புதுத் தகட்டின்மேல் கையை வைத்துத் தடவினாள்.

"இது பாஸ் ஆயிடுமா?"

"ஆயிடும்."

"ஆனா சாவி அவர் கைக்குத்தான போவும்?"

அவனுக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் பற்றவைக்காமல் விட்டுவிட்டால் போதும். சோதனைக்காரன் சுத்தி கண்டுபிடித்துவிடும். மறுபடியும் துரு தலையில் பழி. அந்த எண்ணம் வந்ததும் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு, ஏற்கெனவே பற்றவைத்த இடத்தையே இன்னொரு தடவை பற்றவைத்தான்.

சோதனை அன்று பார்ட்லிதான் காரை ஓட்டினான். ஃபெஸ்டி பக்கத்துச் சீட்டில், நோராவின் கம்பளிமேல் உட்கார்ந்திருந்தார். புது டை, புதுத் தொப்பி. வழியில் எதிர்ப்பட்ட கார்கள் அரக்குச் சிவப்பைக் கண்டதும் பழக்கதோஷத்தில் புல்லில் இறங்கி நின்று விரலைத் தூக்கின. கிழவரும் தூக்கினார். பார்ட்லி கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டான்.

சோதனைக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். கார் மேலே போயிற்று. மெலிந்த ஒரு ஆள் அடியில் நின்று தட்டிக்கொண்டே வந்தான். புதுத் தகடு வந்ததும் நின்றான். தட்டினான். ணங்கென்ற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. வெளியே வந்து தாளைக் கொடுக்கும்போது, யார் செய்தார்களோ, நல்ல வேலை என்றான். பார்ட்லி தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில் தூறல். ஃபெஸ்டி டிரைவர் கதவுப் பக்கம் போய் நின்று கையை நீட்டினார்.

"சாவி."

பார்ட்லி கொடுக்கவில்லை.

"என்னடா, இதுக்கும் சோம்பலா?"

"சோம்பல்னு சொன்னது பொய், பெரியவரே."

"அப்ப எதுதாண்டா நெசம்? நீ ஒரு வாயில எத்தனை பேசுவ?"

பார்ட்லி சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான். சாவிப்பல் குத்தியது.

"நான் போட்ட ஓட்டைய நீங்க குனிஞ்சு பாத்தீங்க. வெளக்கு நான்தான் அடிச்சேன். புதுசா கிழிஞ்ச தகடு, வெள்ளி மாதிரி மின்னுச்சு. நீங்க டீ மாதிரி பழுப்புன்னு சொன்னீங்க. பாலத்துகிட்ட வந்தது செம்மறி இல்ல. உரப்பை. உங்களுக்குக் கண்ணு தெரியல, பெரியவரே."

கிழவரின் கை நீட்டியபடியே இருந்தது. மழை அதில் விழுந்தது.

"கார்மெலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேற யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"ரோட்ல எல்லாரும் ஓரங்கட்டி நிக்கறாங்களே, அது இதுக்காகத்தான்."

ஃபெஸ்டி கையை இறக்கினார். காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார். தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"நான் அதை மரியாதைன்னு நெனச்சேண்டா."

பார்ட்லிக்கு அந்தத் திருப்புளியைத் தன் மேலேயே இறக்கியிருக்கலாம் என்று தோன்றியது. ஓட்டை போட்டதற்கு ஒரு வெட்கம் என்றால், இத்தனை வருஷமாகத் தானும் ஓரங்கட்டி நின்று விரலைத் தூக்கியதற்கு அதைவிடப் பெரிய வெட்கம். வாய் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஊரில் ஒருத்தனுக்கும் வாய் இல்லை.

"மொதல்லயே சொல்லியிருந்தா தகடு மிஞ்சியிருக்கும்" என்றார் கிழவர். சுற்றிக்கொண்டு போய், தடவித் தடவிப் பக்கத்துக் கதவைத் திறந்து, கம்பளிமேல் உட்கார்ந்தார். "நோராகிட்ட போ."

போகிற வழியில் ரேடியோவில் மரண அறிவிப்பு வந்தது. ஃபெஸ்டி சத்தத்தைக் கூட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் உதடு அசைந்தது. எதிரே வந்த கார் ஒன்று புல்லில் இறங்கி நின்றது. விரலைத் தூக்கியது. இந்தத் தடவை அவர் தூக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் நோரா ஜன்னலோரம் உயரத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். சின்ன உருவம், வெள்ளை முடியை யாரோ இழுத்துப் பின்னிவிட்டிருந்தார்கள். ஃபெஸ்டி தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்ட்லியைக் கையால் காட்டினார்.

"இவன்தான் நம்ம காருல ஓட்டை போட்டவன்."

எந்த ஓட்டை என்று அவள் கேட்டாள். கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார். திருப்புளி வந்தது, சுத்தி வந்தது, டிராக்டர் வந்தது, ஆலங்கட்டி மழை வந்தது. பாலத்தில் செம்மறி வந்தது. ஆடு எவ்வளவு பெரியது என்று கையால் காட்டினார். இவன் சோம்பேறித்தனத்தால் தான் பட்ட பாடு என்று முடித்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நோரா பார்ட்லியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நெசமா தம்பி? சோம்பேறித்தனமா?"

ஃபெஸ்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் இருந்த தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தார். பார்ட்லி அந்தக் கைகளைப் பார்த்தான்.

"ஆமாம்மா. சோம்பல்தான்."

"உனக்காகவா நான் ஜெபமாலை உருட்டுனேன்?"

"ஆமாம்மா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அதில் மட்டும் பொய் இல்லை. அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"அப்ப காரு சாவி ஏன் உங்கையில இருக்கு?"

பார்ட்லி சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஃபெஸ்டிதான் திரும்பினார்.

"தண்டனை. அடுத்த சோதனை வரைக்கும் தெனமும் இவன்தான் என்னைக் கூட்டிட்டு வரணும். நான் விதிச்சது."

"ஒரு வருசமா?" நோரா யோசித்தாள். "டிராக்டர்ல அனுப்புனதுக்கு அது கம்மி." பிறகு அந்த விஷயம் தீர்ந்தது என்பது மாதிரி முகத்தைக் கணவன் பக்கம் திருப்பினாள். "இன்னிக்கு யாரு போனாங்க?"

கிழவர் நாற்காலியை இன்னும் கட்டில் பக்கம் நகர்த்திக்கொண்டு, முதல் பெயரிலிருந்து தொடங்கினார். எந்த ஊர், யாருடைய அண்ணன், எந்தக் கோயிலில் அடக்கம். பார்ட்லி சாவியைப் பிடித்தபடி கதவோரம் நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.